நாலு பிரேக்... ஒரே ஒரு கால்!

வயலில் டிராக்டர் ஓடுவதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை டிரைவரின் வலது காலைக் கவனியுங்கள். காரில் இருப்பது போல அங்கே ஒற்றை பிரேக் மிதி இருக்காது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று!

தார் ரோட்டில் போகும்போது இரண்டு மிதியையும் ஒரு கொக்கி போட்டு இணைத்துவிடுவார்கள். வயலில் இறங்கியதும் கொக்கியைக் கழற்றிவிடுவார்கள். உழுதுகொண்டே வரப்பு ஓரம் வந்தாயிற்று, திரும்ப வேண்டும், இடமோ இல்லை. என்ன செய்வது? ஒரு பக்க மிதியை மட்டும் ஓர் அழுத்து. அந்தப் பக்கச் சக்கரம் நின்றுவிடும், மறுபக்கச் சக்கரம் ஓடும். அவ்வளவு பெரிய வண்டி, நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பிவிடும்.

டிராக்டர் வருவதற்கு முன்னால் நம் தாத்தாக்கள் மாட்டு வண்டியைத் திருப்பியதும் இதே வித்தையில்தான். இடது பக்கம் திரும்ப வேண்டுமா? இடது மாட்டை இழுத்துப் பிடி, வலது மாட்டைத் தட்டிவிடு. முடிந்தது.

ஆவடிக்கு வடக்கே இருக்கும் வெள்ளானூர்க்காரர்களுக்கு இந்த வித்தையின் ராட்சத வடிவத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து ஆவடியில்தான் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களின் நடுவிலிருந்து விஜயந்தா, பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று ராணுவ டாங்கிகள் அங்கிருந்துதான் உருண்டு வருகின்றன. டாங்கிக்குத் திரும்புகிற முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் சங்கிலியை மெதுவாக்கினால், அந்தப் பக்கம் திரும்பும். அதே மாட்டு வண்டி கதை!

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்கிறீர்களா? கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிற ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளும் இதே வித்தைதான் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ஈ.எஸ்.பி. என்பார்கள், ஈ.எஸ்.சி. என்பார்கள், பி.எஸ்.எம்., வி.டி.சி. என்றும் சொல்வார்கள். டாஷ்போர்டில் ஒரு குட்டிக் காரும் அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகளும் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அந்த வித்தையை அணைக்கிற பட்டன் அது.

அணைத்தால் என்ன ஆகும்? இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

* * *

வெள்ளானூரை ஒட்டி வெளிவட்டச் சாலை போகிறது. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை சுமார் 60 கிலோமீட்டர். அந்த வட்டாரத்திலிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரம் போனால் சோழவரம். ஏரிக்குப் பெயர்போன ஊர். ஆனால், வயதான கார் பைத்தியங்களிடம் 'சோழவரம்' என்று சொல்லிப் பாருங்கள். ஏரியைப் பற்றிப் பேசமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு காதால் எதையோ கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுபாதையைப் பந்தயத் தடமாக்கியது. 1980-களின் கடைசி வரைக்கும் இந்திய மோட்டார் பந்தயத்துக்கு சோழவரம்தான் திருத்தலம். சாதாரண ஃபியட்டும் அங்கே ஓடும். விஜய் மல்லையா கொண்டுவந்த என்சைன் என்கிற நிஜ ஃபார்முலா ஒன் காரும் ஓடும்.

அந்தக் கார்களில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. டிரைவர் கையில் ஸ்டியரிங், காலில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் கிளட்ச்சும். அவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதக் கிடங்கு. கார் நழுவத் தொடங்குவதைக் கண் சொல்வதற்கு முன்னால் இடுப்பு சொல்லிவிடும். அப்படிச் சொல்வதற்கு அந்த இடுப்பு பல வருஷம் பழகியிருக்க வேண்டும்.

நழுவுவது என்றால் என்ன? அதைப் புரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு கதை ருசிக்கும்.

ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. அந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கார் வேகம் எடுப்பது ஒரு செலவு. பிரேக் போடுவது ஒரு செலவு. வளைவில் திரும்புவது இன்னொரு செலவு. வளைவிலேயே முக்கால் சம்பளம் காலி என்றால், ஆக்சிலேட்டரை அழுத்த மிச்சம் கால்வாசிதான். அதற்கு மேல் செலவு செய்தால்? கார் கடனெல்லாம் கொடுக்காது. நழுவும்.

நழுவுவதில் இரண்டு வகை. முன்சக்கரங்களின் சம்பளம் முதலில் தீர்ந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். பின்சக்கரங்களின் சம்பளம் முதலில் தீர்ந்தால், பின்பக்கம் வெளியே வீசும். காரே பம்பரம் மாதிரி சுற்றிவிடும். எஞ்சின் சக்தி முழுவதும் பின்சக்கரத்துக்குப் போகிற ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த இரண்டாவது வகைதான் ஆளைச் சாய்ப்பது.

இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. வளைவில் பின்பக்கம் லேசாக நழுவியதும், பழகாத டிரைவர் என்ன செய்வார்? பயந்துபோய் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். நியாயமான காரியம்தானே? இல்லை! காலை எடுத்ததும் காரின் எடை முன்பக்கம் சாயும். பின்பக்கம் இன்னும் லேசாகும். ஏற்கெனவே நழுவுகிற பின்சக்கரத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போச்சு. தப்பிக்கச் செய்த காரியமே மாட்டிவிட்டது!

கார் எந்தப் பக்கம் வீசுகிறதோ அதே பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால், எவ்வளவு திருப்புவது, எப்போது திரும்ப நேராக்குவது? அரை நொடி தாமதித்தால், பிடிமானம் திரும்பி வந்த சக்கரம் காரை எதிர்ப்பக்கம் உதறும். முதல் வீச்சில் தப்பித்தவர்கள் பலர் கவிழ்வது அந்த இரண்டாவது வீச்சில்தான்.

* * *

இனி சுவீடனுக்குப் போவோம். வருஷம் 1989. மெர்சிடிஸ் கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஃப்ராங்க் வெர்னர் மோன், பனிக்காலச் சோதனைக்காக அங்கே கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் உறைபனி. கார் நழுவிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இழுவை வண்டி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே... யோசித்துக்கொண்டிருந்தார்.

ஏ.பி.எஸ். என்கிற கருவி அப்போதே காரில் உண்டு. பாஷ் கம்பெனி தயாரித்து, 1978-இல் மெர்சிடிஸ் பெரிய காரில் வந்தது. அவசர பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாக அளக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகத் தளர்த்தும். மோன் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: தனித்தனியாகத் தளர்த்த முடியும் என்றால், தனித்தனியாக அழுத்தவும் முடியும் அல்லவா? கார் பம்பரமாகச் சுற்றப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால், ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து இழுத்துக் காரை நேராக்கலாமே?

நம் ஊர் வண்டிக்காரர் மாட்டின் கயிற்றை இழுத்த மாதிரி!

சரி, கார் சுற்றுகிறது என்பதைக் காருக்கு யார் சொல்வது? அதற்கு ஒரு சுழல்மானி வேண்டும். மோன் குழுவினர் முதலில் எதைப் பிடித்தார்கள் தெரியுமா? பொம்மை ஹெலிகாப்டருக்குள் இருக்கும் சுழல்மானியை! அது தாக்குப்பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால், யோசனை சரி என்பது நிரூபணமாகிவிட்டது.

1991-இல் உறைந்த ஏரி ஒன்றின் மேல் கம்பெனி பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். கார் ஓட்டுவதில் தயக்கம் உள்ள ஒருவரை அந்தக் காரில் உட்காரவைத்தார்கள். பனி மேல் அவர் கிட்டத்தட்டச் சோதனை டிரைவர்களுக்குச் சமமாக ஓட்டினார். கருவியை அணைத்ததும் அதே மனிதர் தடத்தை விட்டு வெளியே போனார். வேறு விளம்பரம் வேண்டுமா? கையெழுத்தாகிவிட்டது.

பாஷ் கம்பெனியில் ஆன்டன் வான் ஸான்டன் என்பவர் தலைமையில் இன்னொரு குழு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1992-இல் இரண்டு கம்பெனிகளும் கைகோத்தன. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் 600 கூபே காரில் கருவி சந்தைக்கு வந்தது. வான் ஸான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது, வாழ்நாள் சாதனைக்காகக் கிடைத்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஓர் உணரி பார்க்கும். டிரைவர் எங்கே போக நினைக்கிறார் என்பதற்கு அது சாட்சி. கார் நிஜமாக எவ்வளவு சுற்றுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று மற்ற உணரிகள் பார்க்கும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று நொடிக்கு 25 முறை சரிபார்க்கும். நான் காமர்ஸ் படித்தவன். பேங்க் கணக்கையும் நம் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது போல என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், கார் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட நகர்வதற்குள் ஒரு தணிக்கை முடிந்துவிடும்!

கணக்கு உதைத்தால்? பின்பக்கம் வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். முன்பக்கம் திரும்ப மறுத்தால், உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். கூடவே, நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருந்தாலும் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும்.

இதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. உங்கள் காரில் எத்தனை பிரேக்? நாலு. மிதிப்பது எத்தனை கால்? ஒன்று. அந்த ஒரு காலை அழுத்தினால் நாலு பிரேக்கும் சேர்ந்துதான் பிடிக்கும். வலது முன்சக்கரத்தை மட்டும் பிடிக்க உலகத்திலேயே சிறந்த டிரைவராலும் முடியாது. திறமை இல்லாமல் இல்லை, மிதி இல்லை!

* * *

அந்த மிதியை வைத்துப் பார்த்த மகானுபாவர்களும் உண்டு. ஃபார்முலா ஒன்னில்தான்.

1993 வரை ஃபார்முலா ஒன் கார்களில் எலெக்ட்ரானிக்ஸ் கொடிகட்டிப் பறந்தது. 'டிரைவர் ஓட்டுகிறாரா, கம்ப்யூட்டர் ஓட்டுகிறதா?' என்று கேள்வி எழுந்தது. 1994-இல் எல்லா உதவிக் கருவிகளுக்கும் தடை. பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும்தான்.

தடை போட்டாச்சு. யார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வருஷம் ஜப்பானில் நடந்த பந்தயத்தின் முதல் வளைவிலேயே வெளியேற நேர்ந்த அயர்ட்டன் சென்னா, தடத்தின் ஓரமாக நின்று மைக்கேல் ஷூமாக்கரின் பெனட்டன் காரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார் என்பார்கள். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பிறகு பெனட்டன் காரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததில், தடை செய்யப்பட்ட புறப்பாட்டு உதவி நிரல் உள்ளே இருப்பது தெரிந்தது. ஆனால், பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

1997-இல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. டேரன் ஹீத் என்கிற புகைப்படக்காரர், ஆஸ்திரியா பந்தயத்தில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்லாரன் காரின் பின்பக்க பிரேக் தகதகவென்று சிவந்திருந்தது. அதில் என்ன அதிசயம் என்றால், அது பிரேக் போடுகிற இடமே இல்லை. கார் வேகமெடுக்கிற இடம்!

மூக்கில் வியர்த்துவிட்டது மனிதருக்கு. சில நாள் கழித்து நூர்பர்க்ரிங்கில் இரண்டு மெக்லாரன் கார்களும் பழுதாகிப் பாதியில் நின்றன. ஹீத் ஓடிப்போய் நின்றிருந்த காரின் கால்வைக்கும் பொந்துக்குள் கேமராவை நுழைத்துப் படம் எடுத்துவிட்டார். உள்ளே ஒரு மிதி அதிகம் இருந்தது! ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிற தனி பிரேக். வளைவிலிருந்து வெளியே வரும்போது அதை லேசாக மிதித்தால், கார் இன்னும் கூர்மையாகத் திரும்பும்.

நம் ஊர் டிராக்டர் மிதியேதான்! பத்திரிகையில் படம் வந்ததும் மற்ற டீம்கள் கொதித்தன. 1998 பிரேசில் பந்தயத்தில் ஃபெராரி புகார் கொடுக்க, மிதியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவே, டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அலுத்துப்போன நிர்வாகம், 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து 'எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று அனுமதித்துவிட்டது. 2008-இல் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரைக் கொடுத்து, மறுபடியும் தடை போட்டது. எல்லார் வீட்டுச் சாவியும் ஒரே ஆளிடம் இருந்தால் யாரும் திருட முடியாதே!

இந்த இரண்டு காலத்தையும் பார்த்த தமிழர் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 1990-களில் ஃபார்முலா மாருதி என்கிற சின்னக் கார்களில் தொடங்கியவர். மாருதி எஞ்சினை வைத்து அந்தக் கார்களை உருவாக்கியவர் இன்னொரு கோவைக்காரர், எஸ்.கரிவர்தன். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். நரேன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியபோது டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. 2011, 2012-இல் எச்.ஆர்.டி. அணிக்காக ஓட்டியபோது இல்லை. பல வருஷம் பழகிய வலது கால் இருந்ததால், கருவி இருந்த காரையும் இல்லாத காரையும் அவரால் ஓட்ட முடிந்தது. அந்தக் கால் கடையில் கிடைக்காது.

* * *

ரோட்டுக் கார்களுக்குத் திரும்புவோம். அங்கே சரித்திரம் எதிர்த்திசையில் ஓடியது.

1997 அக்டோபரில் சுவீடன் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் குட்டிக் காரைச் சோதித்தது. குறுக்கே திடீரென்று காட்டு மான் வந்தால் டிரைவர் சட்டென்று விலகித் திரும்புவார் அல்லவா, அந்த மாதிரி ஒரு சோதனை. கார் கவிழ்ந்துவிட்டது! மெர்சிடிஸ் காரா? உலகமே சிரித்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸுக்கும் ஈ.எஸ்.பி. பொருத்தியது. செலவு சுமார் 30 கோடி ஜெர்மன் மார்க் என்று அப்போது செய்திகள் வந்தன. கோடீஸ்வரன் காரில் இருந்த கருவி நடுத்தர வர்க்கத்தின் காருக்கு இறங்கி வந்தது, ஓர் அவமானத்தின் தயவால்.

அடுத்து ஆடி டி.டி. 1998-இல் வந்த அழகான ஸ்போர்ட்ஸ் கார். ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் வளைவிலோ தடம் மாறும்போதோ சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வீசியது. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் ஓர் இறக்கை வைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, ஈ.எஸ்.பி.யும் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். ஒரே வாகனம் தானாகச் சிக்கிக்கொள்ளும் மரண விபத்துகளின் அபாயம் இந்தக் கருவியால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள் சென்டிமென்ட்டுக்குப் பேசமாட்டார்கள்! அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் 2023 அக்டோபரில் வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டில், நல்ல நட்சத்திரம் வாங்க வேண்டும் என்றால் இது இருந்தாக வேண்டும்.

அப்படியானால், அணைக்கிற பட்டனை எதற்கு வைத்தார்கள்?

நியாயமான காரணம் உண்டு. ஈ.சி.ஆர். பக்கம் மணலில் சக்கரம் புதைந்துவிட்டது என்று வையுங்கள். மழைக்காலத்தில் கிராமத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டீர்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வரும். கருவியோ 'சுழல்கிறதே' என்று எஞ்சினை அடக்கிவிடும். அப்போது அணைக்கலாம். வெளியே வந்ததும் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு காரணம் பந்தயத் தடம். 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை போன்ற தடத்தில் தேர்ந்த டிரைவர் ஒருவர் எல்லையை உரசிக்கொண்டே ஓட்டுவார். கருவி அடிக்கடி குறுக்கே வந்து பிரேக்கைப் பிடித்தால் பிரேக் சூடாகும், நேரமும் போகும். அங்கே தப்பினால் விழுவதற்குக் காலியிடம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நிற்கிறது. எதிரே லாரி வராது.

அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகள் இதில் படிப்படியாக இறங்குகின்றன. ஃபெராரி 2004-இல் எஃப் 430 காரில் ஸ்டியரிங் மேலேயே ஒரு குட்டித் திருகு வைத்தது. பனிக்கு ஒன்று, ஈர ரோட்டுக்கு ஒன்று, ஸ்போர்ட், ரேஸ், கடைசியாக 'ஆஃப்'. ஒவ்வொரு படியிலும் கருவி இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்து எட்டிப்பார்க்கும். பி.எம்.டபிள்யூவின் எம் கார்களில் சக்கரம் எவ்வளவு சுழலலாம் என்பதைப் பத்துப் படிகளில் வைத்துக்கொள்ளும் வசதியும் வந்தது.

'ஆஃப்' என்று எழுதியிருந்தாலும் எல்லாக் கார்களிலும் அதற்கு ஒரே அர்த்தம் இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நிறைய கார்களில் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும்தான் தூங்கும். சில நொடிகள் விடாமல் அழுத்தினால்தான் மற்றதும் தூங்கும். அப்போதும் ஏ.பி.எஸ். விழித்தே இருக்கும். போர்ஷே போன்ற சில கார்களில், நீங்கள் அணைத்திருந்தாலும் பலமாக பிரேக் போட்டதும் கருவி எழுந்து வந்துவிடும். காரை நிலைநிறுத்திவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். வேறு சில கார்களில் அணைத்தால் அணைத்ததுதான். யாரும் வரமாட்டார்கள். ஒரு காரில் பழகிய தைரியத்தை இன்னொரு காருக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிசான் கம்பெனியின் ஜி.டி-ஆர் கதை ரசமானது. 2007 கடைசியில் வந்த அசுர வேகக் கார். கருவியை அணைத்துவிட்டு ஓட்டி ஏதாவது உடைந்தால் வாரன்ட்டி கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. சேறு, பனியில் மாட்டினால் மட்டும் அணைத்துக்கொள்ளலாம். பட்டனைக் கொடுத்ததும் கம்பெனிதான், தொட்டால் பொறுப்பில்லை என்றதும் கம்பெனிதான்! வாங்குபவர் ஆசைக்குப் பட்டன், விற்பவர் பயத்துக்கு அந்த வாரன்ட்டி வரி.

கருவியே வைக்காமல் விற்ற காரும் உண்டு. போர்ஷே கரேரா ஜி.டி. 2003-லிருந்து சில வருஷம் தயாரானது. பத்து சிலிண்டர் எஞ்சின். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. 2013 நவம்பர் 30-ஆம் தேதி, 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களில் கார் பறக்கவிட்ட நடிகர் பால் வாக்கர் இறந்துபோனது இந்தக் காரில்தான். ஓட்டியவர் அவருடைய நண்பர். அவரும் இறந்தார். மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர்தான் அனுமதி உள்ள சாலையில் கார் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போனது என்றும், டயர்கள் ஒன்பது வருஷப் பழசு என்றும் விசாரணையில் சொன்னார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, பந்தயங்களில் ஓட்டிய அனுபவம் உள்ளவர் என்பதை மறக்கக்கூடாது.

* * *

சென்னையின் அகலமான சாலைகளில் நள்ளிரவுக்கு மேல் பந்தயம் விடுகிற பையன்களைப் போலீஸ் பிடித்தது என்று அவ்வப்போது பேப்பரில் படிக்கிறோம். பைக்தான் அதிகம், காரும் உண்டு. 'ஆஃப் பண்ணிட்டு ஓட்டினாதான்டா கெத்து' என்பது அந்த வயசின் வேதம். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு, காரை நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம் என்று நினைப்பு.

நினைப்பில்தான் ஓட்டை. கம்ப்யூட்டரை அணைத்தால் அது செய்த வேலை உங்களிடம் வந்து சேர்வதில்லை. அந்த வேலையைச் செய்ய உங்களிடம் நாலு மிதி இல்லை. நொடிக்கு 25 தணிக்கை போட மூளையும் இல்லை. வேலை அந்தரத்தில் நிற்கிறது. உங்களுக்கு மிஞ்சுவது சோழவரத்துக்காரர்களிடம் இருந்த அதே ஸ்டியரிங், அதே ஆக்சிலேட்டர், அதே ஒற்றை பிரேக். அவர்களிடம் கூடவே இருந்த பழக்கம் மட்டும் இருக்காது. எஞ்சினோ அந்தக் காலத்து ஃபியட்டைப் போலப் பத்து மடங்கு!

ஓட்டும் கலை மேல் நிஜமான ஆசை இருக்கிறவர்கள் தடத்துக்குப் போகட்டும். கோவையில் கரிவர்தன் பெயரிலேயே ஒரு தடம் இருக்கிறது. ஆசிரியரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் திருகைத் திருப்பிக் கற்றுக்கொள்ளட்டும். அது மரியாதையான வித்தை. சோழவரத்தில் ஓட்டியவர்கள் எல்லாரும் அப்படி அடிபட்டுக் கற்றவர்கள்தான்.

ஒரு சின்ன விஷயத்தோடு முடித்துக்கொள்கிறேன். இந்தக் கருவியைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியில், அணைக்கும் பட்டன் வைக்கத் தடை இல்லை. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால், அணைத்திருக்கிறது என்று காட்ட ஒரு விளக்கு எரிய வேண்டும். அப்புறம் இன்னொரு நிபந்தனை: முந்தின ராத்திரி நீங்கள் அணைத்துவிட்டுப் போயிருந்தாலும், மறுபடி எஞ்சினைக் கிளப்பும்போது கருவி தானாகவே விழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் அந்தக் காரை எடுக்கப்போவது உங்கள் மனைவியாக இருக்கலாம், லைசென்ஸ் வாங்கி ஒரு மாதமே ஆன உங்கள் பெண்ணாக இருக்கலாம். நேற்று ராத்திரி நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?